ரிக்டர் எண் சொல்லாத செய்தி: நிலம் எப்படிக் குலுங்கியது, கட்டிடம் ஏன் விழுந்தது?

2023 பிப்ரவரி 6. அதிகாலை 4.17 மணிக்கு துருக்கியின் தென்கிழக்கில் 7.8 அளவிலான நிலநடுக்கம். அன்று பிற்பகலே அதற்கு வடக்கில் 7.5 அளவில் இன்னொன்று. துருக்கியில் மட்டும் 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிரியாவில் இறந்தவர்கள் இன்னும் பல ஆயிரம் பேர். அந்த நாட்களில் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் நம் காதில் திரும்பத் திரும்ப விழுந்தவை இந்த இரண்டு எண்கள்தாம். "7.8 என்றால் எந்தக் கட்டிடம்தான் தாங்கும்?" என்று பலரும் பேசிக்கொண்டோம்.

இந்தக் கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இன்னொரு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு மேற்கே 2010 செப்டம்பரில் 7.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கட்டிடம் இடிந்து விழுந்து ஒருவர்கூட இறக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22 அன்று, அதே நகரில் 6.2 அளவில் ஒன்று வந்தது. வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டால் முந்தையதில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் 185 பேர் இறந்தார்கள். பெரியது விட்டுவைத்த நகரைச் சிறியது நொறுக்கியது.

ஆக, ரிக்டர் எண்ணை மட்டும் வைத்து ஒரு கட்டிடம் ஏன் விழுந்தது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லும் அளவுகள் வேறு. அவற்றை நாம் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக மட்டும் அல்ல. பேரழிவுக்குப் பின் "இது இயற்கையின் சீற்றம், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது" என்ற பேச்சு எங்கே உண்மை, எங்கே கம்பியைக் குறைத்தவர் ஒளிந்துகொள்ளும் திரை என்று பிரித்துக்காட்டுவது அந்த அளவுகள்தாம்.

ஒரே நிலநடுக்கம், இரண்டு வகை அளவு

பள்ளிவாசலின் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் இத்தனை வாட் என்பது ஒரு எண். அது எங்கிருந்து கேட்டாலும் மாறாது. ஆனால் பக்கத்து வீட்டில் சத்தம் எவ்வளவு, மூன்று தெரு தள்ளி எவ்வளவு, இடையில் உயரமான கட்டிடம் இருந்தால் எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

நிலநடுக்கத்திலும் இப்படித்தான். பூமிக்கடியில் பாறை பிளந்து நகரும்போது மொத்தம் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதைச் சொல்வது முதல் வகை. ஒரு நிலநடுக்கத்துக்கு இந்த எண் ஒன்றுதான். 1935-ல் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் ரிக்டர் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். இன்று அறிவியலாளர்கள் பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படுத்துவது 1970-களில் உருவான வேறொரு முறை. பழக்கத்தால் செய்திகளில் இன்னும் 'ரிக்டர்' என்றே சொல்கிறோம். இந்த எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது.

இரண்டாவது வகை, ஒரு குறிப்பிட்ட இடத்தில் தரை எப்படிக் குலுங்கியது என்பது. இது ஊருக்கு ஊர், சில நேரம் தெருவுக்குத் தெரு மாறும். பிளவு எவ்வளவு அருகில் இருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது, எந்தப் பக்கமாக ஓடியது, காலுக்கடியில் இருப்பது பாறையா வண்டல் மண்ணா என்று பலவும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. கிறைஸ்ட்சர்ச்சில் 2011-ல் வந்தது சிறியதுதான். ஆனால் அது நகரத்துக்கு வெகு அருகில், ஆழமில்லாத இடத்தில் நிகழ்ந்தது. தரையின் மேல்-கீழ் குலுக்கம் ஓரிடத்தில் புவியீர்ப்பு விசையின் இரண்டு மடங்கையும் தாண்டிப் பதிவானது. வீட்டைத் தள்ளுவது இந்த இரண்டாவது வகை.

கருவிகள் வருவதற்கு முன்

கருவி இல்லாத காலத்தில் சேதமே அளவுகோலாக இருந்தது. எத்தனை வீடு விழுந்தது, எந்தச் சுவர் பிளந்தது, கிணற்று நீர் என்ன ஆனது என்று எழுதி வைத்தவர்களால்தான் பழைய நிலநடுக்கங்களைப் பற்றி இன்று பேச முடிகிறது. இந்தப் பணியில் அரபு வரலாற்றாசிரியர்களின் பங்கு பெரியது. எகிப்தின் இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) நிலநடுக்கங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து 'கஷ்ஃபுஸ் ஸல்ஸலா' என்ற தனி நூலே எழுதினார். அவர் ஹிஜ்ரி 911-ல், அதாவது கி.பி. 1505-ல் மறைந்தவர். மத்திய கிழக்கின் பழைய நிலநடுக்கங்களை ஆராயும் இன்றைய அறிவியலாளர்கள் இத்தகைய அரபு நூல்களை வரி வரியாகப் படித்து, எந்த ஊரில் எவ்வளவு தாக்கம் என்று வரைபடம் போடுகிறார்கள்.

அப்படிப் பதிவான ஒன்று ஹிஜ்ரி 702 துல்ஹஜ் மாதத்தில், கி.பி. 1303 ஆகஸ்ட் 8 அன்று நிகழ்ந்தது. அதன் மையம் மத்தியதரைக் கடலில் கிரீட் தீவின் பக்கம். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த கெய்ரோவில் அம்ரு இப்னுல் ஆஸ் மஸ்ஜித், அல்அஸ்ஹர், அல்ஹாகிம் மஸ்ஜித் ஆகியவை சேதமடைந்தன. மினாராக்கள் சரிந்தன. அலெக்சாண்டிரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கமும் பலத்த சேதம் அடைந்தது. அவ்வளவு தூரத்தில் உயரமானவை ஏன் விழ வேண்டும்? இதற்கான விடை சற்றுப் பின்னால் வரும்.

சேதத்தைக் கொண்டு தாக்கத்தைப் படிப்படியாக வகுக்கும் முறையை 1902-ல் இத்தாலியப் பாதிரியார் ஜுசெப்பே மெர்கல்லி செம்மைப்படுத்தினார். 1931-ல் அமெரிக்காவில் அது மேலும் திருத்தப்பட்டது. இன்றும் 'மெர்கல்லி அளவு' என்ற பெயரில் புழங்கும் இது ஒன்று முதல் பன்னிரண்டு வரை படிகள் கொண்டது. நான்காம் படியில் பாத்திரமும் சன்னலும் கலகலக்கும். ஆறில் எல்லோரும் உணர்வார்கள், சுவர்ப் பூச்சு உதிரும். எட்டில் பலவீனமான கட்டிடங்கள் இடியும். பன்னிரண்டு என்றால் எதுவும் மிஞ்சாது.

இந்த அளவுகோலில் ஒரு சிக்கல் உண்டு. சேதத்தை வைத்தே தாக்கத்தைச் சொல்வதால், கட்டிடத்தின் பலவீனமும் தரையின் குலுக்கமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மோசமாகக் கட்டிய ஊரில் சேதம் கூடும். உடனே "குலுக்கம் பலமாக இருந்தது" என்று பதிவாகும். குற்றம் யாருடையது என்பது அதற்குள் மறைந்துபோகும். இரண்டையும் பிரிக்க, கட்டிடத்தைப் பார்க்காமல் தரையை மட்டும் அளக்கும் கருவி தேவைப்பட்டது.

தரையை அளக்கும் கருவி

அந்தக் கருவியின் பெயர் முடுக்கமானி. பலத்த குலுக்கத்தை அது முதன்முதலாகப் பதிவு செய்தது 1933 மார்ச்சில், கலிபோர்னியாவின் லாங் பீச் நிலநடுக்கத்தின்போது. 1940 மே மாதம் அதே மாநிலத்தின் எல் சென்ட்ரோ நகரில் கிடைத்த பதிவு உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் பல தலைமுறையாகப் படிக்கும் பாடமாயிற்று. கிடைத்திசையில் இரண்டு, மேல்-கீழாக ஒன்று என மூன்று திசைகளில் தரையின் அசைவு நொடியின் சிறு பகுதிகளாகப் பதிவாகிறது.

இதில் முதலில் பார்க்கப்படுவது தரையின் உச்ச முடுக்கம். தரை எவ்வளவு 'வெடுக்கென்று' நகர்ந்தது என்பதே இதன் பொருள். இதைப் புவியீர்ப்பு முடுக்கத்தோடு ஒப்பிட்டு 'ஜி' என்ற அலகில் சொல்வார்கள். பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் தள்ளப்படுகிறாரே, அதே விசைதான் இங்கே கட்டிடத்தின் மீது வருகிறது. தரை 0.2 ஜி முடுக்கத்தில் நகர்ந்தால், தரையோடு இறுகச் சேர்ந்து அசையும் 100 டன் எடையுள்ள வீட்டை 20 டன் விசை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். வீடு கனமாக இருக்க இருக்க விசையும் கூடும். கனத்த மண் கூரையும் மண் சுவரும் கொண்ட வீடுகள் நிலநடுக்கத்தில் ஆபத்தாவது இதனால்தான். 2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரை 6.6 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. அங்கே கிடைத்திசையில் சுமார் 0.8 ஜி பதிவானது. மண் வீடுகள் தூளாகிப் படிந்து, ஏறத்தாழ 26 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

இரண்டாவது, தரையின் உச்ச வேகம். நொடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லப்படுவது. முடுக்கம் ஓர் உதறலைக் காட்டும் என்றால், வேகம் அந்த உதறலில் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்பதற்கு நெருக்கமான குறி. பெரிய சேதங்களுக்கு முடுக்கத்தைவிட வேகமே கூடுதலாகப் பொருந்தி வருகிறது.

இந்த இரண்டையும் மெர்கல்லி படிகளோடு இணைத்து, கலிபோர்னிய நிலநடுக்கங்களின் அடிப்படையில் 1999-ல் ஓர் அட்டவணை வெளியானது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் குலுக்க வரைபடங்களில் பலரும் பார்த்திருக்கக்கூடியது இது:

- ஐந்தாம் படி: 0.04 முதல் 0.09 ஜி, நொடிக்கு 3 முதல் 8 செ.மீ. சேதம் மிகச் சொற்பம்.
- ஆறாம் படி: 0.09 முதல் 0.18 ஜி, 8 முதல் 16 செ.மீ. இலேசான சேதம்.
- ஏழாம் படி: 0.18 முதல் 0.34 ஜி, 16 முதல் 31 செ.மீ. நடுத்தரச் சேதம்.
- எட்டாம் படி: 0.34 முதல் 0.65 ஜி, 31 முதல் 60 செ.மீ. நடுத்தரத்துக்கும் மேல்.
- ஒன்பதாம் படி: 0.65 முதல் 1.24 ஜி, 60 முதல் 116 செ.மீ. பலத்த சேதம்.
- பத்தும் அதற்கு மேலும்: இதைத் தாண்டிய எதுவும். மிகப் பலத்த சேதம்.

ஆறாம் படியின் வரியை நினைவில் வையுங்கள். 0.09 முதல் 0.18 ஜி வரை 'இலேசான சேதம்' என்கிறது அட்டவணை. இது கலிபோர்னியாவின் வீடுகளுக்கு உண்மை. எல்லா ஊர் வீடுகளுக்கும் அல்ல.

அட்டவணை பொய்த்த மூன்று இடங்கள்

முதலாவது, மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் 19 அன்று பசிபிக் கடற்கரையில் 8.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். நகரின் பாறை போன்ற கெட்டித் தரையில் பதிவானது 0.04 ஜிகூட இல்லை. ஆனால் பழைய ஏரியைத் தூர்த்து எழுந்த பகுதியில், களிமண்ணின் மேல், 0.17 ஜி பதிவானது. மேலே உள்ள அட்டவணைப்படி இலேசான சேதம்தான் வந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? நானூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் விழுந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதே பதிவில் தரையின் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு சுமார் 60 சென்டிமீட்டர். அது எட்டாம் படியின் உச்சி. முடுக்கம் சொல்லாததை வேகம் சொன்னது.

இரண்டாவது, ஜப்பானின் ட்சுகிடாதே. 2011 மார்ச் 11 பெருநிலநடுக்கத்தில் அங்கே கிடைத்திசையில் 2.7 ஜிக்கும் மேல் பதிவானது. மெக்சிகோவில் பதிவானதைப் போல் பதினாறு மடங்கு. அட்டவணையை நம்பினால் அந்த ஊரே இருந்திருக்கக் கூடாது. ஆனால் வீடுகள் பெருமளவில் இடிந்து விழவில்லை.

மூன்றாவது, நம் நாட்டின் அகமதாபாத். 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. மையத்துக்கு அருகே முழுமையான முடுக்கப் பதிவு தரும் கருவி அப்போது இல்லை. ஆனால் 230 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் ஓர் அரசுக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கருவி இருந்தது. அதில் பதிவானது 0.11 ஜி. இலேசான சேதம் வரவேண்டிய அளவு. அந்த நகரில் ஏறத்தாழ 70 பல மாடிக் கான்கிரீட் கட்டிடங்கள் விழுந்து, எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஊஞ்சலின் தாளம்

இந்த முரண்களுக்கான விடை நம் வீட்டு ஊஞ்சலில் இருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்ப இலேசாகத் தள்ளினாலே போதும், சில தள்ளலில் உயரப் போய்விடும். தாளம் தப்பிப் பலமாகத் தள்ளினாலும் அது அதிகம் ஆடாது. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் இப்படி ஓர் இயல்பான தாளம் உண்டு. ஒரு முறை அங்கும் இங்கும் ஆடித் திரும்ப ஆகும் நேரத்தைப் பள்ளிப் பாடத்தில் அலைவு நேரம் என்று படித்திருப்போம். கான்கிரீட் சட்டகக் கட்டிடங்களுக்குத் தோராயமான கணக்கு, மாடிக்கு 0.1 நொடி. இரண்டு மாடி வீட்டுக்கு 0.2 நொடி, பத்து மாடிக்கு ஒரு நொடி.

மெக்சிகோவின் ஏரிக் களிமண் சுமார் இரண்டு நொடிக்கு ஒரு முறை என்ற தாளத்தில் ஆடியது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டிடங்கள் அந்தத் தாளத்தில் சிக்கின. விரிசல் விட விடக் கட்டிடம் தளர்ந்து அதன் அலைவு நேரம் நீளும். நீள நீள இரண்டு நொடித் தாளத்துக்கு இன்னும் நெருங்கும். ஒத்ததிர்வு என்பது இதுதான். அதே தெருக்களில் ஒன்றிரண்டு மாடி வீடுகள் பெரும்பாலும் தப்பின.

ட்சுகிடாதேயில் வந்தது நொடிக்கு நான்கு தடவை உதறும் விரைந்த அதிர்வு. உதறல் பயங்கரம். ஆனால் வீடு ஒரு பக்கம் சாய்வதற்குள் தரை மறுபக்கம் போய்விடுகிறது. 1995 ஜனவரி 17 அன்று அதே ஜப்பானின் கோபே நகரில் பதிவானது சுமார் 0.8 ஜிதான். அங்கே தரை ஒரு நொடியை ஒட்டிய மெதுவான தாளத்தில் பெரிதாக ஆடியதால் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக அழிந்தன. 6,434 பேர் இறந்தார்கள்.

1303-ல் கெய்ரோவின் மினாராக்களையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். நிலநடுக்க அலைகள் தொலைவு செல்லச் செல்ல விரைந்த அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். நீண்ட தாளமுள்ளவை மட்டும் மிஞ்சும். உயர்ந்து மெலிந்த மினாராவின் தாளமும் அதுவே. நைல் நதியின் வண்டல் தரை அந்த ஆட்டத்தைக் கூட்டியிருக்கும்.

இவற்றோடு குலுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் சேரும். பத்து நொடியில் விரிசலோடு தப்பும் தூண், ஒரு நிமிடம் ஆடினால் நொறுங்கிப் போகும். ஆகவேதான் பொறியாளர்கள் ஒரே ஓர் உச்ச எண்ணோடு நிற்பதில்லை. பதிவான குலுக்கத்தைக் கொண்டு, 0.2 நொடி வீடு எவ்வளவு ஆடியிருக்கும், ஒரு நொடிக் கட்டிடம் எவ்வளவு, இரண்டு நொடிக் கட்டிடம் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டு ஒரு வளைகோடு வரைகிறார்கள். நம் கட்டிடத்துக்கு உரிய எண் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

துருக்கியின் கணக்கு

இப்போது 2023-க்குத் திரும்புவோம். பிளவு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அதன் தென்மேற்கு முனை ஹதாய் மாகாணத்தின் பக்கம் வந்து முடிந்தது. அங்கே அன்தாக்கியா நகரம் ஆற்று வண்டல் படிந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தப் பகுதியின் சில நிலையங்களில் 1 ஜிக்கும் மேல் பதிவானது. கட்டிட விதிகள் எதிர்பார்த்த அளவைச் சில அலைவு நேரங்களில் உண்மைக் குலுக்கம் தாண்டிவிட்டது. நூற்றாண்டுகளின் பெருமை கொண்ட ஹபீப் நஜ்ஜார் மஸ்ஜிதும் அங்கே இடிந்து விழுந்தது. இங்கே "குலுக்கம் எதிர்பார்ப்பை மீறியது" என்ற சொல்லில் உண்மை இருக்கிறது.

ஆனால் மையத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள அதானா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹதாயோடு ஒப்பிட்டால் அங்கே குலுக்கம் மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான கட்டிடங்கள் நின்றன. சில பல மாடிக் கட்டிடங்கள் மட்டும் அடுக்கடுக்காகச் சரிந்து உள்ளே இருந்தவர்களைக் கொன்றன. இரண்டு ஊரிலும் தொலைக்காட்சி சொன்னது அதே 7.8 தான். அந்த எண்ணை மட்டும் கேட்டவருக்கு அன்தாக்கியாவின் மரணமும் அதானாவின் மரணமும் ஒன்றாகவே தெரியும். கருவியின் பதிவைப் பார்ப்பவருக்கு அதானாவில் விழுந்த கட்டிடத்தின் தூணையும் கம்பியையும் பற்றிக் கேள்வி எழும். அன்தாக்கியாவிலும் பக்கத்துக் கட்டிடம் நின்றிருக்க ஒன்று மட்டும் தூளாகியிருந்தால் அதே கேள்வி எழத்தான் வேண்டும். 'விதி' என்ற ஒரு சொல்லுக்குள் சிமெண்ட் குறைவையும் திருட்டு மாடியையும் சேர்த்துப் புதைத்துவிட முடியாது.

நம் ஊர்க் கணக்கு

தமிழ்நாட்டில் பெரிய நிலநடுக்கம் வராது என்பது பொதுவான நம்பிக்கை. 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியில் 6 அளவை ஒட்டிய ஒன்று வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஏற்பட்டதைச் சென்னை மக்கள் நன்றாகவே உணர்ந்தார்கள். 2002-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற இந்திய விதிநூல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. கோவையும் மூன்றாம் மண்டலம். மதுரையும் திருச்சியும் இரண்டாம் மண்டலத்தில் வைக்கப்பட்டன. அகமதாபாத் எந்த மண்டலம் தெரியுமா? அதுவும் மூன்றாம் மண்டலம்தான்.

அந்த விதிநூலின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மூன்றாம் மண்டலத்தில் எதிர்பார்க்கும் மிகப் பெரிய குலுக்கம் 0.16 ஜி. வடிவமைப்புக்கு அதில் பாதி, 0.08 ஜி எடுத்துக்கொள்ளப்படும். தாளத்தால் கட்டிடம் கூடுதலாக ஆடும் என்பதற்காக அதை 2.5 மடங்கு வரை கூட்டுவார்கள். அப்போது 0.2 ஜி வருகிறது. பிறகு அந்த எண்ணை 5-ஆல் வகுக்கிறார்கள். 200 டன் கட்டிடம் 40 டன் விசையைத் தாங்க வேண்டிய இடத்தில் 8 டன்னுக்கு வடிவமைத்தால் போதும் என்கிறது விதி.

இது எப்படி நியாயம்? கம்பிகள் முறைப்படி கட்டப்பட்ட கட்டிடம் வளைந்து, விரிசல் விட்டு, ஆனால் ஒடியாமல் அந்த ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அந்தச் சலுகை. அந்த நிபந்தனைகளைச் சொல்வது ஐ.எஸ். 13920 என்ற இன்னொரு விதிநூல். சாதாரண முறையில் கம்பி கட்டினால் 5-ஆல் வகுக்க முடியாது, 3-ஆல்தான் வகுக்கலாம். அப்போது 13 டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். காகிதத்தில் 5-ஆல் வகுத்துவிட்டு, களத்தில் சாதாரணமாகக் கம்பி கட்டுவது எவ்வளவு பெரிய மோசடி என்பது இப்போது புரியும்.

அகமதாபாத்தில் நடந்தது பெரும்பாலும் இந்த வகைதான். விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தில் கார் நிறுத்தச் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் விட்டு, மேலே செங்கல் சுவர்களோடு மாடிகளை ஏற்றிய கட்டிடங்கள். மேல்மாடிகள் சுவர்களால் இறுகிப் பெட்டிபோல் இருக்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விழுந்தது. சென்னையின் எந்தப் புதிய தெருவில் நடந்தாலும் இத்தகைய கட்டிடங்களைப் பார்க்கலாம். இந்த வடிவம் தவறு என்று விதி சொல்லவில்லை. 2002-ன் விதி, அந்தத் திறந்த தளத்தின் தூண்களையும் பீம்களையும் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. அல்லது கான்கிரீட் சுவர்களைக் கூட்டச் சொன்னது. அது செய்யப்பட்டதா என்பதுதான் கேள்வி.

வீடு கட்டும்போதும் வாங்கும்போதும் கேட்க வேண்டியவை

பெண்ணின் நகையையும் வளைகுடாவில் உழைத்த ஆண்டுகளையும் போட்டு வாங்கும் வீடு அது. டைல்ஸின் நிறத்தைப் பற்றிக் கேட்கும் நாம் இவற்றையும் கேட்கலாம்:

- மண் பரிசோதனை நடந்ததா? அறிக்கை எங்கே? இடம் ஏரியையோ சதுப்பையோ தூர்த்ததா? அப்படியானால் குலுக்கம் அங்கே கூடும்.
- கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இருக்கிறதா? அதில் நிலநடுக்க மண்டலமும், ஐ.எஸ். 1893, ஐ.எஸ். 13920 ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளனவா?
- கீழ்த்தளம் கார் நிறுத்தத்துக்குத் திறந்திருந்தால், அதன் தூண்கள் தனியாகப் பலப்படுத்தப்பட்டுள்ளனவா? லிஃப்டைச் சுற்றிலும் மற்ற பக்கங்களிலும் கான்கிரீட் சுவர் உண்டா?
- பில்லரில் கட்டும் ரிங்குகள் மேலும் கீழும், பீம் சேருமிடத்தில் நெருக்கமாக இருக்கின்றனவா? ரிங்கின் முனை 90 டிகிரியில் வெளியே நிற்காமல், 135 டிகிரி மடங்கித் தூணின் உள்ளே போகிறதா? கான்கிரீட் போடும் முன் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம், கைப்பேசியில் படமும் எடுத்து வைக்கலாம்.
- பழைய வீட்டில் மகனுக்காக இன்னொரு மாடி எழுப்பும் முன், கீழே உள்ள தூண் அதற்குக் கணக்கிடப்பட்டதா என்று பொறியாளரிடம் கேட்டோமா? மேஸ்திரியின் "தாங்கும் பாய்" என்ற சொல் போதாது.

நம் மஹல்லாக்களின் நிர்வாகிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்கூடங்களுக்கும், மக்கள் பெருமளவில் கூடும் மண்டபங்களுக்கும் சாதாரண வீட்டைவிட ஒன்றரை மடங்கு விசையைக் கணக்கில் எடுக்க விதி சொல்கிறது. பிள்ளைகள் ஓதும் மதரஸாவும் ஜும்ஆவுக்குச் சபை நிறையும் மஸ்ஜிதும் இதில் அடங்கும். பழைய பள்ளிவாசலின் கூரைமேல் புதிதாக மினாரா எழுப்புவதும், மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி வைப்பதும் உயரத்தில் எடையைக் கூட்டும் வேலைகள். எடை கூடினால் தள்ளும் விசையும் கூடும் என்று மேலே பார்த்தோம். நன்கொடைப் பட்டியலில் பொறியாளரின் கட்டணத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

விதியைப் பின்பற்றிய கட்டிடம் நிலநடுக்கத்தில் சேதமே அடையாது என்று யாரும் உறுதி தருவதில்லை. சிறிய குலுக்கத்தில் சேதம் கூடாது, நடுத்தரக் குலுக்கத்தில் பழுது பார்க்கும் அளவில் நிற்க வேண்டும், பெரிய குலுக்கத்தில் கட்டிடம் வீணானாலும் உள்ளே இருப்பவர் நடந்து வெளியே வர வேண்டும். இந்த மூன்றுதான் விதிநூலின் நோக்கம்.

அடுத்த முறை நிலநடுக்கச் செய்தி வரும்போது ரிக்டர் எண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்த ஊரில் தரை எத்தனை ஜி குலுங்கியது, எந்தத் தாளத்தில், எவ்வளவு நேரம், எந்த மண்ணின் மேல், விழுந்த கட்டிடத்துக்குப் பக்கத்துக் கட்டிடம் நின்றதா என்று தேடிப் பார்ப்போம். குலுக்கத்தின் அளவு நம் கையில் இல்லை. தூணுக்குள் போகும் ரிங்கின் எண்ணிக்கை நம் கையில்தான் இருக்கிறது.